மழையில்லாத நாளில் ஓடிய தண்ணீர்

மூன்று நாளாக மழை இல்லை. அப்படியிருந்தும் ஓடைக்கரையில் இருந்த அந்தக் குழாயின் வாயிலிருந்து விரல் பருமனில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மழைநீர்க் குழாய் என்றால் மழை விட்டு ஒன்றிரண்டு நாளில் காய்ந்துபோக வேண்டும். சில இடங்களில் நிலத்தடி நீர் ஊறி உள்ளே வரும். ஆனால் அது தெளிவாக, சில்லென்று, மணமில்லாமல் இருக்கும். இது அப்படியில்லை. குனிந்து போத்தலைப் பிடித்தபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி, கழிப்பறைத் தாளின் கிழிசல் ஒன்று கல்லில் பிடித்துக் கிடந்தது.

என்னோடு வேலை செய்பவர் ஹெயிற்றியிலிருந்து வந்தவர். நல்ல உயரம், பெரிய கைகள். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். கோடையில் என்னோடு குழாய்களின் பின்னால் அலைவார். அவர் அந்தக் கிழிசலைப் பார்த்துவிட்டு, "இது மழை கொண்டுவந்ததில்லை, மதாம்," என்றார்.

மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய ஒரு சிறு நகரசபையில் நான் வேலை செய்கிறேன். பக்கத்து ஊரான ரொக்ஸ்பரோவில் என் வீடு. சின்னச் சபை என்பதால் எல்லாரும் எல்லா வேலையும் செய்வோம். என் பங்கு மழைநீர். மழைநீரை ஓடைக்கும் ஏரிக்கும் விடுவதற்கு மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சு எங்கள் சபைக்கு ஓர் அனுமதிப் பத்திரம் தந்திருக்கிறது. அந்தப் பத்திரத்தில் விடலாம் என்பது ஒரு வரிதான். மிச்சப் பக்கங்கள் எல்லாம் நாங்கள் செய்ய வேண்டியவை: என்ன விடுகிறோம் என்று நாங்களே பார்க்க வேண்டும், அழுக்கு இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், தேடியதையும் கண்டதையும் வருடம் ஒருமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். என் மகள் தன் சிநேகிதிகளிடம், அம்மா தண்ணீரைப் பாதுகாக்கிறார் என்று பிரெஞ்சில் அழகாகச் சொல்வாள். போத்தலில் என்ன பிடிக்கிறேன் என்பதைச் சொல்ல மாட்டாள்.

ஆய்வுகூடத்தின் பதில் இரண்டு நாளில் வந்தது. மலக்கிருமி, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. எங்கோ ஒரு கட்டடத்தின் கழிவுக் குழாயைத் தவறுதலாக மழைநீர்க் குழாயில் பொருத்தியிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் குழாயின் வாயிலிருந்து மேல்நோக்கி, மான்ஹோல் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனோம். ஒரு மூடிக்குக் கீழே தண்ணீர் இருக்கும், அடுத்ததில் வலப்பக்கக் கிளை காய்ந்திருக்கும், இடப்பக்கக் கிளை ஓடும். இடப்பக்கம் போவோம். அப்படிப் போய் ஒரு தெருவில் வந்து நின்றோம். இரண்டு பக்கமும் வீடுகள், தெருமுனையில் ஒரு சிறுவர் பூங்கா.

அந்தத் தெருவை எனக்குத் தெரியும். அங்கே ஒரேயொரு தமிழ்க் குடும்பம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதே தெருவில் நான் ஒரு மூடியைத் திறந்துகொண்டு நின்றபோது, புல்லு வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "தமிழோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். மன்னாரிலிருந்து வந்தவர். தையல் தொழிற்சாலையில் இயந்திரங்கள் திருத்தி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு அந்தப் பக்கம் போனால் கையைக் காட்டுவார்.

அந்த வீட்டைப் பற்றி எங்கள் கோப்பில் ஒரு முறைப்பாட்டுக் கடிதமும் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் எழுதியது. அங்கே எந்நேரமும் ஆட்கள் வந்து போகிறார்கள், கராஜில் பெரிய பாத்திரங்களில் சமைக்கிறார்கள், கழுவின தண்ணீரை வீதி வடிகாலில் ஊற்றுகிறார்கள், ஓடை மணப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

எங்கள் பகுதித் தலைவி அந்தக் கடிதத்தை மேசையில் வைத்தாள். என் வயதுக்காரி, கியூபெக்கின் வடக்கிலிருந்து வந்தவள், வேகமாகப் பேசுவாள், கெட்ட மனம் கிடையாது.

"எல்லா வீடும் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் இங்கே போ. உனக்கு அவர்களின் மொழி தெரியும்," என்றாள்.

நான் சரி என்றேன். என் சக தொழிலாளி தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியில் ஏறிய பிறகு, "முதலில் போக எனக்கும் மொழி தெரிந்த வீடு ஒன்று எப்போதும் இருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அந்த வீடாக இருந்துவிடக் கூடாது என்று வழி முழுக்க நினைத்தேன். அப்படி நினைத்ததிலேயே, அந்த வீடுதான் என்று பாதி முடிவு கட்டிவிட்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கதவைத் திறந்தவர் என் செம்மஞ்சள் மேலங்கியையும் சப்பாத்தையும் பார்த்தார்.

"வாங்கோ பிள்ளை. என்ன, இண்டைக்கு உத்தியோகமாய் வந்திருக்கிறியள் போல?"

"ஓம் அங்கிள். உங்கட வீட்டுத் தண்ணி எந்தப் பைப்புக்குப் போகுது எண்டு பார்க்க வேணும். வோஷ்ரூமில ஒரு பச்சைச் சாயம் ஊத்துவன். என்னோட வேலை செய்யிறவர் றோட்டில மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிப்பார். அவ்வளவுதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லா வீடும் பார்க்கிறியளோ?"

"எல்லா வீடும்தான்."

"முதல் எங்கட வீடோ?"

"ஓம்," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் எதிர்வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி, வாங்கோ," என்றார்.

மேல்மாடிக் கழிப்பறையில் ஊற்றினேன். தொலைபேசியில் பதில் வந்தது: கழிவுநீர் மான்ஹோலில் பச்சை, மழைநீரில் ஒன்றுமில்லை. சரி. சமையலறைத் தொட்டிக்குச் சிவப்புச் சாயம். அதுவும் சரி. அவர் மனைவி, அன்ரி, ஒரு பக்கமாக நின்று, சாயம் போன தொட்டியைத் தேய்க்கத் துணியோடு காத்திருந்தார். கறை பிடிக்காது அன்ரி என்றாலும் நம்பவில்லை.

"இன்னும் ஏதும் இருக்கோ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அங்கிள், "கீழ ஒண்டு இருக்கு," என்றார்.

நிலவறையில் ஒரு சிறு அறையும் கழிப்பறையும் இருந்தன. தரையோடு ஒட்டாத ஓடுகள், சற்றே சாய்ந்த கதவு. அவர் படியின் கடைசியிலேயே நின்றுகொண்டார்.

"இது நானும் என்ர சிநேகிதனும் சேர்ந்து போட்டது பிள்ளை. மகளின்ர கலியாணத்துக்கு ஆக்கள் வந்து நிக்க வேணுமெண்டு. பெர்மிட் எடுக்கேல்லை."

"பைப்பு எதில பொருத்தினனீங்கள்?"

"கீழ இரண்டு பைப்பு இருந்தது. பெரிசில பொருத்தினம்." கையால் அதன் பருமனைக் காட்டிவிட்டு, "அப்ப அதுதான் சரி எண்டு நினைச்சம்," என்றார்.

சாயத்தை ஊற்றித் தண்ணீரை இழுத்துவிட்டேன். காத்திருந்தோம். மேலே அன்ரி தேத்தண்ணி போடும் சத்தம் கேட்டது. பதில் வரவில்லை. இன்னொருதரம் இழுத்தேன். அங்கிள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஆள் நிற்பதுபோல நின்றார். அவர் உதடு அசைந்தது. செபமாக இருக்கலாம்.

தொலைபேசி அடித்தது. "கழிவுநீர்ப் பக்கம் பச்சை," என்றார் வெளியே நின்றவர். "மழைநீரில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டேன். ஒன்றுமேயில்லை."

"உங்கட வீடு இல்லை அங்கிள்," என்றேன். என் குரல் சற்று உரத்து வந்துவிட்டது.

அவர் படியிலேயே உட்கார்ந்தார்.

ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டேன். கராஜில் சமைக்கிறீர்களா, கழுவுகிற தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள். அவர் ஒளிக்கவில்லை. மாதா கோயில் திருநாளுக்கு வருடத்தில் இரண்டு மூன்று தரம் பெரிய கிடாரங்களில் கறியும் சோறும் அவர்கள் வீட்டில்தான் சமைப்பது. கழுவின தண்ணீரை வீதியோரக் கம்பிமூடிக்குள் ஊற்றுவதும் உண்மை.

"அது சுத்தம் செய்யிற இடத்துக்குத்தானே போகும்? வரி கட்டுறம்தானே?"

நகரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். படித்தவர்களும் நினைக்கிறார்கள். நான் இந்த வேலைக்கு வருமுன் நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பத்து நிமிட நடைதான். வீதிக் கம்பிமூடிகளைக் காட்டிக்கொண்டே போய், மரங்களுக்குள் இறங்கி, குழாயின் வாய்க்கு முன்னால் நிறுத்தினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். தண்ணீர் அப்போதும் விழுந்துகொண்டிருந்தது.

"நேரேயோ?" என்றார்.

"நேரேதான் அங்கிள். இடையில ஒண்டும் இல்லை."

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் இந்த ஓடை ஏரியில விழுகிற இடத்திலதான் தூண்டில் போடுறனான்." என் பக்கம் திரும்பி, "மனிசிக்குச் சொல்லாதேங்கோ. பொரிச்சுத் தாறவ," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் மற்ற வீடுகள் எல்லாவற்றையும் சோதித்தோம். கதவைத் திறக்காத வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனோம். எதிர்வீட்டுப் பெண் தனியாக இருந்தாள். வீடு பளிங்குபோல இருந்தது. நான் சாயம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "அங்கேதானே கண்டுபிடித்தீர்கள்?" என்று கையால் சாடை காட்டிக் கேட்டாள். ஒரு வீட்டின் முடிவை இன்னொரு வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. "மற்ற வீடுகளைப் பற்றி நான் கதைக்க முடியாது, மதாம்," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் ஒத்துக்கொண்டதாகவே அவள் எடுத்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் படியிறங்கி வந்தது அந்தக் கோடையில் எனக்கு மிகவும் கசப்பான வேலை.

அவள் வீடும் சரியாகத்தான் இருந்தது. எல்லா வீடுகளும் சரியாக இருந்தன. குழாய் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது.

துப்புத் துலக்கியவர் என் சக தொழிலாளிதான். ஒரு திங்கட்கிழமை காலை கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நேற்று என் பிள்ளைகளோடு அந்த ஓடைப்பக்கம் நடந்தேன். தண்ணீர் ஓடுகிறது. ஆனால் மணமில்லை. தெளிவாக இருக்கிறது."

"நேற்றா?"

"நேற்று. ஞாயிறு."

நாங்கள் மாதிரி எடுத்ததெல்லாம் வேலை நாட்களில். ஞாயிற்றுக்கிழமை வீடுகளில்தான் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். அன்றைக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்றால், ஞாயிறு பூட்டிக் கிடக்கிற ஏதோ ஒன்று. அந்தத் தெருவில் கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தோம். தெருமுனைப் பூங்காவில் நகரசபையின் சிறு கட்டடம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் பனிக்கட்டியில் சறுக்க வருகிறவர்கள் உள்ளே வந்து குளிர் காய்வார்கள். கோடையில் கிழமை நாட்களில் பள்ளி விடுமுறைப் பிள்ளைகளின் பகல்முகாம் நடக்கும். அதன் கழிவுக் குழாய் பின்தெருவுக்குப் போவதாக வரைபடத்தில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டை நம்பி அதை நாங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. எங்கள் கட்டடம் என்பதால் நம்பினோமா, கோடு இருந்ததால் நம்பினோமா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே போனோம். பகல்முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனாள். இரண்டு கழிப்பறைகள். ஒன்றின் தொட்டி ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. பூட்டிய நாளிலும் குழாய் ஏன் காயவில்லை என்பதற்கு அதுவே போதும். சாயத்தை ஊற்றி இழுத்துவிட்டு, தொலைபேசியைக் காதில் வைத்தேன்.

"பச்சை," என்றார்.

"எந்தப் பக்கம்?"

"மழைநீர்ப் பக்கம், மதாம். எங்கள் பச்சை."

ஓடைக்குப் போய்ப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் குழாயின் வாயிலிருந்து, இளம் புல்லின் நிறத்தில் தண்ணீர் வந்து விழுந்தது. நான் படம் எடுத்தேன்.

தலைவியிடம் சொன்னபோது அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மறைக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்தக் கட்டடத்தின் திருத்த வேலையைப் பார்த்தது நான்தான். இங்கே வந்து நான் பார்த்த முதல் வேலை. குழியை மூடுமுன் ஒருதரம் சாயம் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சரி என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன்."

எத்தனை வருடம் அந்தப் பிள்ளைகளின் அழுக்கு ஓடைக்குப் போயிருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவளும் அதைத்தான் எண்ணியிருப்பாள்.

"யாருக்கும் நடக்கும்," என்றேன் கடைசியில்.

"யார் வீட்டிலாவது நடந்திருந்தால் அவர்களுக்கு நான் அறிவித்தல் அனுப்பியிருப்பேன்," என்றாள். பிறகு தொலைபேசியை எடுத்து அமைச்சுக்கு அழைத்தாள். வருடாந்த அறிக்கை வரை காத்திருக்கவில்லை. என் முன்னாலேயே, நகரசபைக் கட்டடம், எங்கள் தவறு, என் மேற்பார்வை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேசி முடித்தபோது காது சிவந்திருந்தது. அன்றே கழிப்பறைகளைப் பூட்டி, வெளியே தற்காலிகக் கழிப்பறைகளை வைத்தார்கள். அடுத்த கிழமை நிலத்தைத் தோண்டிக் குழாயைச் சரியான பக்கத்துக்கு மாற்றினார்கள்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும் என்று நான் கேட்டேன். அதை அவளே எழுதினாள். வீடுகள் எல்லாம் சோதிக்கப்பட்டன, எந்த வீட்டிலும் தவறில்லை, ஓடையை அழுக்காக்கியது நகரசபையின் கட்டடம், அதற்காக வருந்துகிறோம். மேயரின் அலுவலகம் 'வருந்துகிறோம்' என்பதை எடுத்துவிடச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடிதம் வந்தபோது அந்தச் சொல் இருந்தது.

அங்கிளுக்கு மட்டும் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரெஞ்சை வாசித்துத் தமிழில் சொன்னேன். பிறகு மனதில் கிடந்ததையும் சொன்னேன்.

"அங்கிள், அண்டைக்கு வரேக்க நானும் உங்கட வீடாய்த்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்."

அவர் கடிதத்தை மடித்தார்.

"நானும் அப்பிடித்தான் பிள்ளை நினைச்சனான். அந்தப் பைப்பை எனக்கே நம்ப ஏலாது."

அன்ரி உள்ளேயிருந்து, "எனக்குத் தெரியும், இவர் ஒண்டையும் ஒழுங்காய்ப் பொருத்துறேல்லை," என்றார்.

அனுமதியில்லாத கழிப்பறையைக் கண்டுவிட்டு நான் காணாததுபோல இருக்க முடியாது. அதையும் சொன்னேன். விண்ணப்பப் படிவத்தைச் சேர்ந்து நிரப்பினோம். பரிசோதகர் வந்து, வெள்ளம் திரும்பி ஏறாமல் தடுக்கும் அடைப்பான் ஒன்று போடச் சொன்னார். போட்டார்கள். அடுத்த திருநாளுக்குக் கிடாரங்களைக் கராஜில் வைத்துத்தான் சமைத்தார்கள். எண்ணெயை ஒரு வாளியில் உறைய விட்டுக் குப்பைக்குக் கொடுத்தார்கள், கழுவின தண்ணீர் நிலவறைக் கழிப்பறை வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போனது. எதிர்வீட்டுப் பெண் அவர்களிடம் எதுவும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. புதிதாக முறைப்பாடும் எழுதவில்லை.

இலையுதிர்காலத்தில் நகரசபைக் கூட்டத்தில் தலைவி இதைப் பற்றி விளக்கினாள். கூட்டத்துக்கு அதிகம் ஆட்கள் வருவதில்லை. அன்றைக்கும் கதிரைகள் பாதி காலி. பொதுமக்கள் கேள்வி நேரம் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். கோயிலுக்குப் போகும் கோட்டுப் போட்டிருந்தார். அங்கிள் வருவதாக என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

தொழிற்சாலையில் கற்ற பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார். தன் பேரப்பிள்ளைகள் அந்த ஓடையில் எப்போது காலை நனைக்கலாம்?

மேயர் தலைவியைப் பார்த்தார். நல்ல சேதியாக ஒன்றைச் சொல்லிவிடலாம் என்ற இடம் அது. அவள் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தாள்.

"எனக்குத் தெரியாது, ஐயா. மழையில்லாத நாட்களில் தண்ணீர் இப்போது நன்றாக இருக்கிறது. மழை பெய்தால் வீதி அழுக்கும் நாய்களின் அழுக்கும் இன்னும் வருகிறது. இன்னொரு கோடை பார்க்க வேண்டும். அதுவரை நனைக்க வேண்டாம்."

"மெர்சி," என்று நன்றி சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாகனத் தரிப்பிடத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"பிள்ளை, என்ர பிரெஞ்சு அவைக்கு விளங்கிச்சுதோ?"

"விளங்கினது அங்கிள். எல்லாருக்கும் விளங்கினது."

"அப்ப சரி," என்றார். கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே தன் காரை நோக்கி நடந்தார்.